மின்னசோட்டா யார் பக்கம் நின்றது?



1984-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் 50 மாநிலங்களுள் 49 இரேகன் பக்கம் சாய்ந்தன. எதிர்த்து நின்ற மாண்டேலுக்குத் தலைநகர் வாசிங்டனும், அவர்தம் தாய்நிலமான மின்னசோட்டாவும் மட்டுமே எஞ்சின. (அவர் பிறந்த சிற்றூரின் பெயர் சிலோன், நம் அண்டைத் தீவன்று.) தேர்வாளர் கணக்கில் இரேகனுக்கு 525, மாண்டேலுக்கு 13.

நாடே ஒருபுறம் சாய்ந்தும் தன் மகனைக் கைவிடாத மண் என்று பாராட்டத் தோன்றுகிறதன்றோ? எனக்கும் தோன்றியது, ஒப்போலைக் கணக்கைப் பார்க்கும்வரை. அம்மாநிலத்தில் மாண்டேல் பெற்றவை 10,36,364; இரேகன் பெற்றவை 10,32,603. வேறுபாடு 3,761தான்!

கூடுதல் பெற்றவர்க்கே மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் என்பது அங்குள்ள முறை. ஆகவே பத்துப் பேரும் மாண்டேலுக்கே. இரேகனை விரும்பிய பத்து இலக்கத்தினர்க்கு ஒருவருமிலர். அவ்வாறாயின், மாநிலத்தின் விருப்பம் என்று நாம் யாருடைய விருப்பத்தைச் சொல்கிறோம்? மற்ற 49 மாநிலங்களில் மாண்டேலை விரும்பினோர்க்கும் இதே நிலைதான். நாடு முழுவதும் அவர் பெற்ற ஒப்போலைகள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். பெற்ற தேர்வாளரோ நூற்றுக்கு மூவரும் இலர்.

1976 முதல் 2024 வரை ஒவ்வொரு தேர்தலிலும் மாண்டேலின் கட்சிக்கே நின்ற மாநிலம் மின்னசோட்டா. அவற்றுள் இத்துணை நெருங்கிய போட்டி வேறில்லை.