குளிர்நீராடலும் யோக நியமமும்

(மார்கழி வழிபாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வைகறையில் துயிலெழுந்து, குளிர்ந்த நீரில் மூழ்கி, நெற்றியில் சின்னம் தரித்து, திருக்கோயில் வாயிலில் நின்று திருப்பாவை முப்பதும் திருவெம்பாவை இருபதும் ஓதுவது தமிழ் மக்களின் நெடுநாளைய மார்கழி வழக்கம். சங்க நூல்கள் கூறும் தைந்நீராடல் என்னும் நோன்பும் இதனோடு தொடர்புடையது என்பர் அறிஞர். பாவை நோன்பில் நீராடல் முதலிடம் பெறுவது போலவே, காலை யோகப் பயிற்சியிலும் நீராடல் ஓர் அங்கமாக விளங்குகிறது. அது எதற்காக என்பதை உணர்ந்து செய்வோர்க்கே முழுப்பயன் கிட்டும்.

பதஞ்சலி முனிவர் யோகத்தின் எட்டு உறுப்புகளுள் இரண்டாவதாக நியமத்தை வைத்தார். தூய்மை, மனநிறைவு, தவம், ஓதுதல், இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என அந்நியமம் ஐந்து வகைப்படும். திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் தூய்மையையும் தவத்தையும் நியமத்துள் அடக்கிக் கூறுகிறது. நீராடல் உடலைத் தூய்மை செய்கிறது. குளிர்நீராடலோ தூய்மையோடு தவத்தையும் சேர்க்கிறது. வெப்பம், தட்பம் என்னும் இரட்டைகளால் கலங்காது நிற்றலே தவம் என்று யோக நூலின் உரை விளக்குகிறது.

கதிரவன் உதிப்பதற்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிப்பது பிரம்ம முகூர்த்தம். அவ்வேளையில் முதற்குடம் நீர் மேனியில் பட்டவுடன் நிகழ்வது யாது? மூச்சு திடுமென உள்ளிழுக்கப்படுகிறது, பின்னர் விரைந்தோடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, தோலிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்க, இரத்த அழுத்தம் உயர்கிறது. சில நிமிடங்களில் இக்கொந்தளிப்பு தணிகிறது. நாள்தோறும் பழகுவோர்க்கு இதன் வேகம் குறைந்துவிடுகிறது.

யோகம் குளிர்நீரைச் சந்திக்கும் இடம் இதுவே. ஓடுகின்ற மூச்சை மெல்ல நீட்டி வெளியே விட்டு, இறைவன் திருநாமத்தில் மனத்தை நிறுத்துவோர், ஆசனத்தில் அமர்வதற்கு முன்னரே பிராணாயாமத்திற்கு ஆயத்தமாகிவிடுகின்றனர். கலங்கிய மூச்சைக் குளியலறையில் நிலைநிறுத்தப் பழகியவர், வீட்டிலும் அலுவலகத்திலும் கடுஞ்சொல் கேட்கும்போது கலங்காது நிற்கவும் கற்றுக்கொள்கிறார்.

உடல்நலத்திற்கும் இதனால் பயனுண்டு என்பர். நெதர்லாந்து நாட்டில் 3,018 பேரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 வினாடிகள் வரை குளிர்நீரில் நின்றோர், நோயின் பொருட்டுப் பணிக்குச் செல்லாதிருந்தது ஏனையோரைவிட 29 விழுக்காடு குறைவு. ஆயினும் நோயுற்றிருந்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அரை நிமிடம் நின்றோர்க்கும் ஒன்றரை நிமிடம் நின்றோர்க்கும் பயனில் பெரும் வேறுபாடும் காணப்படவில்லை. மிகுதியாகச் செய்தால் மிகுதியான பயன் என்பது இங்கே பொருந்தாது.

இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே யோகியர் உணர்ந்திருந்தனர். சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, கோரக்கர் வாக்காகவே, பயிற்சியின் தொடக்கத்தில் அதிகாலை நீராடல், பட்டினி முதலான உடலை வருத்தும் செயல்களை விலக்குக என்று கூறுகிறது. அதிகாலை நீராடலால் தொடக்க நிலையினர்க்குக் குளிர்ச்சியினால் கோளாறு பிறக்கும் என்று அதன் உரையாசிரியர் பிரம்மானந்தர் காரணமும் காட்டுகிறார். உடலை வருத்துவது யோகத்தின் நோக்கமன்று. உடலை இறைவழிபாட்டிற்குத் தகுதியாக்குவதே நோக்கம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக மார்கழியில் குளிர்நீராடித் திருக்கோயிலுக்குச் சென்ற முதியவர் ஒருவர். இப்போது இதய நோயால் தளர்ந்திருக்கிறார். குளிர்நீர் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். "வெந்நீரில் குளித்துவிட்டு எப்படிப் பெருமான் முன் போய் நிற்பேன்?" என்று வருந்தி வீட்டிலேயே அமர்ந்துவிடுகிறார். அல்லது, எவரும் அறியாமல் விடியலில் கிணற்றடிக்குச் சென்று குளிர்நீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார். முன்னதில் வழிபாடு இழப்பு. பின்னதில் உயிருக்கே ஆபத்து. இவ்விரண்டையும் இறைவன் வேண்டுவானோ?

வேண்டான் என்பதற்குப் பெரியோர் வகுத்த நெறியே சான்று. நீரில் மூழ்கும் வாருண ஸ்நானம் ஒன்றை மட்டும் அவர்கள் கூறவில்லை. திருநீறு பூசுதல் ஆக்னேய ஸ்நானம். மந்திரம் ஓதி நீர் தெளித்துக்கொள்ளுதல் மந்திர ஸ்நானம். இறைவனை உள்ளத்தில் நினைத்தல் மானச ஸ்நானம். நோயுற்றோரும் முதியோரும் வழிபாட்டிலிருந்து விலகிவிடலாகாது என்னும் கருணையே இவ்வகைப்பாட்டில் தெரிகிறது. இறைவனை எங்கும் நிறைந்தவனாக எண்ணாதவர்க்குக் கங்கையிலும் காவிரியிலும் ஆடுவதால் பயன் என்ன என்று ஐந்தாம் திருமுறையில் அப்பர் பெருமான் வினவியதும் இக்கருத்துப் பற்றியே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி நீராட்டு விழாவின்போது ஆண்டாள் நாச்சியாருக்கு மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் சாற்றி, அதன் பின்னரே திருமஞ்சனம் செய்விக்கின்றனர். அதனை எண்ணெய்க் காப்பு என்றே வழங்குகின்றனர். நீராட்டு உள்ள இடத்தில் காப்பும் உடனிருக்கிறது. அன்னைக்குச் செய்யும் இவ்வுபசாரம் அடியவர்க்கும் ஒரு பாடமாகும்.

எனவே குளிர்நீராடத் தொடங்குவோர் வெயிற்காலத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பழகுதல் நலம். முதலில் பாதம், பின் முழங்கால், இடுப்பு, தோள், இறுதியில் தலை என நீரை வார்த்துக்கொள்க. நீராடியபின் நன்கு துவட்டி, உலர்ந்த ஆடை உடுத்தி, மூச்சு சீரடைந்த பின்னரே ஆசனங்களைத் தொடங்குக. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, மூச்சிரைப்பு உடையோரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. அவர்கட்கு இளஞ்சூட்டு நீரே போதும். குளத்திலோ ஆற்றிலோ இருளில் எவரும் தனியே இறங்கலாகாது.

அன்பர்களே! வீட்டிலுள்ள முதியவர் இம்மார்கழியில் தயங்கி நின்றால், வெதுவெதுப்பான நீரை வார்த்து, திருநீறோ திருமண்ணோ அணிவித்து, கைப்பற்றித் திருக்கோயிலுக்கு அழைத்து வாருங்கள். நீரின் குளிர்ச்சி மேனியோடு நின்றுவிடும். அன்பின் குளிர்ச்சியே ஆண்டவன் திருவடியைச் சென்றடையும். அந்த அன்பும் நீங்காத உடல்நலமும் அனைவர்க்கும் திருவருளால் பெருகுவதாக!