நான்கு விரல்களும் ஒரு நாதமும்

கித்தார் என்றதும், விருந்துகளிலே பாட்டுக்குத் துணையாக மீட்டப்படும் வாத்தியம் என்ற எண்ணமே நேயர்களுட் பலருக்கு எழக்கூடும். ஆயின், தனியொருவர் மேடையிலமர்ந்து, பாடகரோ பக்கவாத்தியமோ இன்றி, நெடுநேரம் சபையைக் கட்டிவைக்கும் சாஸ்திரீய மரபொன்றும் அவ்வாத்தியத்திற்கு உண்டு. அம்மரபிற் பயில்வோர் என்றேனும் ஒருநாள் வாசித்துவிட வேண்டுமென ஏங்கும் உருப்படி ஒன்று. பலர் பாதிவழியிற் கைவிடுவதும் அதனையே. ஸ்பெயின் தேசத்துப் பிரான்சிஸ்கோ தாரெகா 1899இல் இயற்றிய 'அல்ஹம்பிராவின் நினைவுகள்' என்பதே அது.

அல்ஹம்பிரா என்பது கிரனாடா நகரில் முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய மாளிகை. அதன் முற்றங்களிலுள்ள நீரூற்றுக்களின் சலசலப்பே இவ்விசையில் ஒலிக்கின்றது என்பர். அது ரசிகர்களின் கற்பனையாகவும் இருக்கலாம். பயில்பவனுக்கு முதலில் எதிர்ப்படுவது நீரூற்றன்று. தன் வலக்கை விரல்களின் பிடிவாதமே.

வயலினில் வில் ஓடுமளவும் நாதம் நீளும். கித்தாரிலோ, தந்தியைத் தெறித்த கணத்திலேயே நாதம் தேயத் தொடங்குகின்றது. வீணைக்கும் இவ்வியல்பு உண்டெனினும், வீணை வித்துவான் தந்தியை மெட்டின்மேல் இழுத்துக் கமகத்தால் அந்நாதத்திற்கு உயிரூட்டுவார். கித்தாரில் அத்துணை இழுப்புக்கு இடமில்லை. ஆகவே தாரெகா வேறொரு வழியைக் கையாண்டார். பெருவிரல் தாழ்ந்த சுரமொன்றைத் தெறிக்க, அதனையடுத்து மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் ஆகிய மூன்றும் அம்முறையிலேயே மேல்தந்தி ஒன்றில் ஒரே சுரத்தை விரைந்து தெறிக்கின்றன. மூன்றெண்ணிக்கை கொண்ட தாளவட்டமொன்றினுள் இவ்வாறு 24 தெறிப்புகள் அடங்கும். கேட்போர் செவிக்குத் தனித்தனித் தெறிப்புகள் புலப்படா. அறாத பாட்டொன்றும், அதன் கீழே நடைபோடும் துணையிசையும் கேட்கும். இருவர் வாசிக்கின்றனரோ என மயங்குவாரும் உளர்.

இம்மயக்கம் கலைவதற்குச் சிறு பிழையே போதும். மூன்று விரல்களும் ஒரே நீளமுடையனவல்ல, ஒரே வலிமையுடையனவுமல்ல. ஒன்று உரக்க ஒலிக்கும், மற்றொன்று முந்தும். அப்பொழுது நீரோட்டம் போக, குதிரையின் குளம்பொலியே எஞ்சும். வேகத்தைக் கூட்டினால் இப்பிழை மறைந்துவிடுமென நம்பிப் பலர் கெடுகின்றனர். வேகத்தாற் பிழை ஊறுமேயன்றி ஒழியாது. எண்ணி எண்ணித் தெறிக்குமளவு மெதுவாக வாசித்து, நான்கு தெறிப்புகளுக்கும் இடையேயுள்ள காலம் சமமாயுள்ளதா எனச் செவிகொடுத்துக் கேட்டலே வழி. அழுத்தத்தை முதலில் ஒரு விரலுக்கும் பின்னர் மற்றொரு விரலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், சோம்பியிருக்கும் விரல் தானே வெளிப்படும். இராகம் இரண்டாம் தந்தியில் வருமிடங்கள் மேலும் கடினம். இருபுறமும் தந்திகள் இருத்தலின், விரல்கள் அவற்றிலும் பட்டுவிடும். இடக்கையின் பிடிகளைத் தனியே மனனஞ் செய்தபின்னரே இரு கைகளையும் இணைத்தல் வேண்டும்.

இதில் விடாமுயற்சி மட்டும் போதுமென எண்ணுதலும் ஆபத்தே. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை இறுக்கத்துடன் செய்வோருட் சிலருக்கு, நோவு எதுவுமின்றியே விரல்கள் மூளையின் கட்டளைக்கு அடங்காது சுருண்டுகொள்ளும் கோளாறு நேர்கின்றது. அமெரிக்க வித்துவான் டேவிட் லைஸ்னர் இக்கோளாற்றினால் 1980களில் மேடையை விட்டு விலக நேர்ந்தது. விரல்களை மட்டும் நம்பாது, தோளிலும் கையிலுமுள்ள பெருந்தசைகளின் துணையோடு வாசிக்க அவர் மீண்டும் முதலிலிருந்து பழகினார். பல்லாண்டுகளின் பின்னரே கச்சேரி மேடைக்குத் திரும்பினார். தெறித்து முடிந்த விரல் அக்கணமே தளர்ந்துவிட வேண்டுமென ஆசிரியர்கள் வற்புறுத்துவது வெறும் அழகுக்காக அன்று.

உருப்படியின் முற்பகுதி சோகந் தோய்ந்தது. பிற்பகுதியில் சுரவரிசை மாறி, முகம் மலர்ந்தாற்போல இசை ஒளிபெறும். ஆயின் அவ்விடத்தை அடைவதற்குள் பயில்பவனின் கை களைத்துவிடுகின்றது. இனிமையான இடமே தடுமாறும் இடமாகின்றது. ஆதலால் அப்பகுதியையே முதலிற் பயின்று, முற்பகுதியைப் பின்னர் அதனுடன் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.