கொழும்பிலிருந்து வர்ற பிள்ளைகளும் நம்ம பக்கத்து நீர்வீழ்ச்சிகளும்

(தோட்டச் சனசமூக நிலையத்தில் நடைபெற்ற குடும்ப நலன் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிஞ்சு நான் கிளம்பும்போது ஒரு அம்மா என்னை வாசலில் நிறுத்தினாங்க. "ஐயா, மகன் கொழும்பில கடையில நிக்கிறான். போயா லீவுக்குக் கூட்டாளிமாரோட வேன் புடிச்சு சென் கிளேயர் பார்க்க வர்றானாம். எனக்குப் பயமா இருக்கு. வராதேன்னு சொல்லவும் மனசு வரல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய பேச்சு.

அந்தத் தாயின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மகனின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. கிழமைக்கு ஆறு நாள் கடைக்குள்ளே நிற்கிற பிள்ளைக்கு ஒரு நாள் மலையையும் தண்ணியையும் பார்க்கத் தோன்றுவது தப்பில்லை. ஆனால் ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள்தான். அதைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும், சம்பளக் காசைப் போல.

என் சொந்த அனுபவம்

இதைச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இளந்தாரி வயசில் நானும் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்தவன். ஒரு போயா நாள், பதினாலு பேர் காசு சேர்த்து வேன் பிடித்தோம். விடிய நாலு மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. இவன் வரல்ல, அவன் வரல்லன்னு காத்திருந்து ஏழரைக்குத்தான் வேன் நகர்ந்தது. வழியில் நாலு இடத்தில் நிறுத்தினோம். டெவன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வந்து இறங்கும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. எதிரே வெள்ளைப் புகை மாதிரி மிஸ்ட். சத்தம் மட்டும் கேட்டது, தண்ணியைக் காணோம்.

"இவ்வளவு தூரம் வந்து சும்மா போறதா, குளிச்சிட்டாவது போவோம்"னு ஒருத்தன் சொன்னான். பாதையோரம் ஒரு ஓடையைக் கண்டு இறங்கினோம். பாறை பாசி பிடித்திருந்தது. எங்களில் ஒருத்தன் வழுக்கிக் கிடங்கில் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கத்துவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நாலு அக்காமார் சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க. அவங்க யாரும் தண்ணியில் குதிக்கல்ல. தலையிலிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினாங்க. ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு வீசினாங்க. அதைப் பிடித்துத்தான் அவன் கரைக்கு வந்தான். ஒரு அக்கா தன் படங்கைக் கழற்றி அவனைப் போர்த்திவிட்டு, "ஓங்க அம்மாவுக்குத் தெரியுமாப்பா நீ இங்க வந்தது?"ன்னு கேட்டாங்க. அவன் பதில் சொல்லல்ல. அவன் வீட்டு லயம் அங்கிருந்து ஆறு கட்டை தூரம்தான். அம்மாவுக்குத் தெரியாது.

அன்றைக்கு நாங்கள் செய்த பிழைகளைத்தான் இன்று உங்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன்.

எங்கே போவது?

நம் நாட்டில் பேர்போன நீர்வீழ்ச்சிகள் பல. ஆக உயரமானது பம்பரகந்த, 263 மீற்றர். அடுத்தது கொஸ்லந்தைப் பக்கம் தியலும, 220 மீற்றர். பதுளையில் துன்ஹிந்த, புசல்லாவைக்கு மேலே றம்பொடை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கொழும்பில் இருந்துகொண்டு வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் தோன்றும். விரல் போகிற வேகத்தில் மலைப்பாதையில் வேன் போகாது. பதுளைப் பக்கம் போவதென்றால் ஒரு இரவாவது தங்கத்தான் வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்ப ஏற்றது டெவனும் சென் கிளேயரும். இரண்டும் ஹட்டன் – தலவாக்கலைப் பாதையில், சில கட்டை இடைவெளியில் இருக்கின்றன. முதலில் டெவன், 97 மீற்றர். அந்தக் காலத்தில் பக்கத்தில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் பேரைத்தான் அது தாங்கியிருக்கிறது. அடுத்தது சென் கிளேயர், கொத்மலை ஓயாவில் விழுவது. அகலமாக விழுவதால் இலங்கையின் சின்ன நயாகரா என்பார்கள். இரண்டையும் பெரிய பாதையில் நின்றே வடிவாகப் பார்க்கலாம். இறங்கத் தேவையில்லை.

சென் கிளேயரைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேலே தலவாக்கலையில் அணை கட்டி, 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கியது. 150 மெகாவாட் மின்சாரம் கிடைக்கிறது. அந்தத் தண்ணியைச் சுரங்க வழியே கொண்டுபோவதால், நீர்வீழ்ச்சிக்குப் பகல் வேளையில் தண்ணி விடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். ஆகவே பொழுது சாய வந்தால் பழைய ஆள்கள் சொன்ன சென் கிளேயரைப் பார்க்க முடியாது. காலையிலேயே வந்துவிட வேண்டும். அடைமழை காலத்தில் அணையின் வான்கதவு திறந்தால் அதே ஓயா சட்டென்று பெருகும். அங்கே கீழே இறங்கி நிற்பது உயிரோடு விளையாடுவது.

எப்போது போவது?

மேற்குப் பக்க மலைகளுக்கு மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. அப்போது தண்ணி நிறைய இருக்கும், மிஸ்டும் இருக்கும். ஜனவரி தொடங்கி மார்ச் வரை வானம் வெளிச்சம், தண்ணி குறைவு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மழை பிடிக்கும், மண் சரியும். எந்த மாதமானாலும் காலை வேளைதான் நல்லது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் நம் மலைநாடு பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. பாதையும் ரயில் தண்டவாளமும் எத்தனை இடத்தில் போயின! அதற்கு முன்பு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. ஆகையால் புறப்படும் முதல் நாள் இரவு ரேடியோவில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக அறிவிப்பார்கள். போகிற பக்கத்துக்கு எந்த நிறம் சொன்னாலும் பயணத்தை அடுத்த போயாவுக்குத் தள்ளுங்கள். நீர்வீழ்ச்சி எங்கேயும் ஓடிப் போகாது. 117க்கு அடித்தால் இடர் முகாமைத்துவ நிலையத்தில் விசாரிக்கலாம். ரயிலில் வருவதென்றால் எதுவரை ஓடுகிறது என்று கோட்டை ஸ்டேசனில் முதல் நாளே கேளுங்கள்.

நேரக் கணக்கு

வேனில் வருவதென்றால் அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஒரே பாதை. நான் சொல்கிற கணக்கு இது.

விடிய 4 மணிக்குக் கொழும்பிலிருந்து கிளம்புங்கள். வராதவனுக்குப் பத்து நிமிசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஆறரை அளவில் கித்துல்கலையில் தேத்தண்ணி. எட்டரை அளவில் ஹட்டன். ஒன்பது, ஒன்பதரைக்கு டெவன். பத்து மணிக்குப் பிறகு சென் கிளேயர். பதினொன்றரைக்குப் பார்த்து முடிந்துவிடும்.

அதன் பிறகு? அங்கேதான் நான் ஒரு யோசனை சொல்லப்போகிறேன். கடையில் பகல் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசுக்கு அரிசி, பருப்பு, கருவாடு வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் யாருடைய தோட்டம் பக்கத்தில் இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கிழமைக்கு முன்னமே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் ஒரே காம்பராவில் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்குமா என்று வெட்கப்பட வேண்டாம். வாசலில் சாக்கு விரித்தால் போதும். மகன் சென் கிளேயர் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனான் என்று அடுத்த லயத்து ஆள் சொல்லித் தெரிந்துகொள்கிற தாயின் மனசை நினைத்துப் பாருங்கள்.

ரெண்டு மணிக்கு எழும்பிவிட வேண்டும். அம்மா இன்னொரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன்னு சொன்னாலும் எழும்ப வேண்டும். தாய்மாரே, நீங்களும் மறிக்காதீர்கள். ரெண்டு மணிக்குக் கிளம்பினால்தான் கினிகத்தேனை வளைவுகளை வெளிச்சத்தில் இறங்கி, பொழுது படும்போது அவிசாவளையைப் பிடிக்கலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2025ஆம் வருசத்தில் மட்டும் நடந்ததைச் சொல்கிறேன். மே 11ஆம் திகதி விடியப்புறம் றம்பொடைப் பக்கம் கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாயப் பாதையில், சுற்றுலா போன ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போல் வேலைத்தலத்துக் கூட்டாளிமாரோடு ஒரு சந்தோசத்துக்காகப் போனவர்கள்தான்.

ஆகவே வேன் பேசும்போது வாடகையை மட்டும் பேசாதீர்கள். மலைப்பாதை ஓடிப் பழகிய டிரைவரா என்று கேளுங்கள். முதல் நாள் இரவு அவர் தூங்கியிருக்க வேண்டும். இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில்தான் இறங்க வேண்டும். சீட்டுக்கு மேல் ஆள் ஏற்ற வேண்டாம். டிரைவருக்குச் சாராயம் நீட்டுகிறவனை அடுத்த பயணத்துக்குச் சேர்க்காதீர்கள்.

தண்ணியில் கவனம்

நீர்வீழ்ச்சிக்கு அடியில் இருக்கும் கிடங்கின் ஆழம் மேலே பார்த்தால் தெரியாது. விழுகிற தண்ணி ஆளைச் சுழற்றி உள்ளே இழுக்கும். நமக்கு மேலே வெயில் அடித்தாலும், மலை உச்சியில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே வந்து சேரும். தண்ணி கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கூடினால், உடனே கரைக்கு ஏறிவிட வேண்டும். செருப்பை எடுக்கக்கூட நிற்க வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால் நீச்சல் தெரியாதவன் குதிக்கக் கூடாது. ஒரு சாவு ரெண்டாகும். கயிறு, சாரம், சீலை, மூங்கில், எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். வேனில் நீளக் கயிறு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

இன்னொன்று. நாம் படம் பிடிக்க நிற்கிற ஓடையில் கொஞ்சம் கீழே ஏதோ ஒரு லயத்துக்குக் குடிதண்ணிக் குழாய் போட்டிருக்கும். அதில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும், சோத்துப் பார்சல் பேப்பரை எறிவதும், போத்தலை உடைப்பதும் யாரோ ஒரு பிள்ளையின் வாயில் போடுவதற்குச் சமம். கொழும்பிலிருந்து வருகிற மற்றவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கூட வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

முடிவாக

தம்பிமாரே, புறப்படுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். எந்த இடம்? எந்த வானிலை? யார் டிரைவர்? எத்தனை மணிக்குத் திரும்புறது? நாலுக்கும் விடையை ஒரு துண்டில் எழுதி வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். கொழும்பில் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு மெசேஜ். அந்த ரெண்டாவது மெசேஜ் வரும்வரை ஒரு வீட்டில் விளக்கு அணையாது என்பதை மறக்க வேண்டாம்.

அன்றைக்குக் கூடைக் கயிற்றைப் பிடித்துக் கரையேறிய அந்தக் கூட்டாளி, வேனைத் திருப்பச் சொல்லி, ஈர உடுப்போடு தன் லயத்துக்குப் போனான். அவன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணி வைத்தார்கள். கொழும்புக்கு நாங்கள் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது, எல்லாருக்கும் அரைநாள் சம்பளம் போனது. அது போகட்டும். ஆள் இருந்தான்.

உங்கள் பிள்ளைகளுக்கு வராதே என்று சொல்லாதீர்கள். நேரத்தோடு வா, வீட்டுக்கு வந்து சாப்பிடு, வெளிச்சத்தோடு திரும்பு என்று சொல்லுங்கள். அந்த அம்மா கேட்ட ஒரு வார்த்தை இதுதான்.