இருவரும் ஒரே அறையில்

அறக்கட்டளைச் சொற்பொழிவில் டி.வி. காதலா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் கேட்டார். இல்லாத இரண்டு பேர் எப்போது கைகோப்பார்கள் என்று லட்சக்கணக்கானோர் வருடக்கணக்கில் காத்திருந்தால், அதைப் பேசத்தானே வேண்டும்?

ஜோடியைச் சேர்த்துவைத்தால் தொடர் படுத்துவிடும் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சி உலகின் பழைய பயம். அதற்குக் காட்டும் சாட்சி, ஏபிசியில் 1985இல் தொடங்கிய 'மூன்லைட்டிங்'. துப்பறியும் நிறுவனம் நடத்தியபடி சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும் ஓயாமல் சண்டை போடுவார்கள். 1987 மார்ச் 31 அன்று வந்த எபிசோடில் கூடினார்கள். 1989இல் தொடர் நின்றுபோனது. பழி காதலின் தலையில் விழுந்தது.

திரைக்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள். ஷெப்பர்டின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். வில்லிஸ் 'டை ஹார்ட்' படப்பிடிப்பில். தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரன் வெளியேறினார். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு. ஷெப்பர்டின் கர்ப்பத்துக்காகக் கதையில் நாயகி சிகாகோவில் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டாள். போதாக்குறைக்கு ரயிலில் சந்தித்த யாரோ ஒருவருக்குக் கழுத்தை நீட்டினாள். சண்டை பார்க்க வந்தவர்களுக்குச் சண்டையே இல்லை. அவர்கள் எழுந்துபோனதற்கு, அந்த இருவரும் ஒரே அறையில் இல்லாமல் போனதுதான் காரணம் என்பேன்.

1994இல் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்கும் இதே சிக்கல்: கில்லியன் ஆண்டர்சன் கர்ப்பம். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரின் குழு, அவர் நடித்த ஸ்கல்லியைக் கதையில் கடத்தவைத்தது. அவள் காணாமல் போனதும், அவளோடு ஜோடியாக வேலை பார்த்த மல்டர் அவளைத் தேடினான். திரும்பி வந்தவள் நினைவிழந்து கிடக்க, கட்டிலருகே உட்கார்ந்தான். ஆள் இல்லாதபோதும் கதை முழுக்க அவளே இருந்தாள்.

1998இல் வந்த திரைப்படத்தில் முத்தத்துக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது, ஸ்கல்லியின் காலருக்குள் ஒளிந்திருந்த தேனீ கொட்டியது. (அந்தத் தேனீமேல் எனக்கும் கோபம் உண்டு.) இருவரும் நிஜமாகவே முத்தமிட்டது 1999 நவம்பரில், ஏழாவது சீசனில். இத்தகைய ஜோடிகளுக்காக ஏங்குபவர்களைக் குறிக்கும் 'ஷிப்பர்' என்ற சொல்லைப் பரவச் செய்தவர்களும் இந்தத் தொடரின் ரசிகர்களே.

திரையில் தோன்றுபவரோடு நமக்கு ஏற்படும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே எழுதினார்கள். அவர்கள் பெரிதும் பேசியது, பார்வையாளரை நேராக நோக்கிப் பேசும் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களைப் பற்றி. மல்டரோ ஸ்கல்லியோ நம் பக்கம் திரும்புவதே இல்லை. நமக்கு வாய்க்கும் உறவு, கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகளின் பெரியம்மா உறவு. அவர்களுக்கே தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.

எப்படித் தெரிந்தது? அவன் வேற்றுக்கிரகவாசிகளை நம்புபவன். அவள் அவனது வேலையை எடைபோட அனுப்பப்பட்ட மருத்துவர். ஒருவரையொருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அகாலத்தில் போன் அடித்தால் அழைத்தவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. 'நான்தான்' என்றால் போதும்.