காதுக்கு ஒரு கருவி செய்வோம்



செவியில் அணிந்து பாட்டும் பேச்சும் கேட்கும் ஹெட்போன் இன்று உங்களுள் பலரிடம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டால் என்ன செய்கிறீர்கள்? சில நாட்கள் கம்பியை முறுக்கியும் மடக்கியும் பார்க்கிறீர்கள். பின்னர்க் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறீர்கள். அவ்வாறு எறியப்படும் கருவியில் கெட்டிருப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய கம்பியோ, ஒலி எழுப்பும் சிறு உறுப்போதான். தலைவளையும் கிண்ணமும் மெத்தையும் நன்றாகவே இருக்கும். கெட்ட உறுப்பை மட்டும் மாற்றலாம். இன்னும் ஒரு படி மேலே சென்று, கிண்ணத்தையும் மரத்தில் கடைந்து, முழுக் கருவியையும் நாமே செய்துகொள்ளலாம். அதற்குரிய உறுப்பைத் தேர்ந்தெடுப்பதும், அதைச் செவிக்கு இசைவாகப் பதப்படுத்துவதும் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது ஏதோ பெரிய தொழிற்சாலைக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ண வேண்டாம். இக்கருவி வளர்ந்த வரலாறே வீட்டில் தொடங்கியதுதான். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் என்பவர் 1910-ஆம் ஆண்டை ஒட்டித் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். இன்று நாம் பயன்படுத்தும் சுருள் வகை ஹெட்போனை 1937-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர் இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டார். அதன் உள்ளே இருந்தவை என்ன தெரியுமா? 3 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு. வேறொன்றுக்காகச் செய்யப்பட்ட உறுப்பை எடுத்துக் கிண்ணத்தில் பொருத்தி, மெத்தை வைத்து, வளைகம்பியால் இணைத்தார்கள். நாம் செய்யப் போவதும் ஏறக்குறைய அதுவே.

ஒலி எழுப்பும் அவ்வுறுப்புக்கு டிரைவர் என்று பெயர். வண்டியை ஓட்டுபவர் டிரைவர். இங்கே காற்றை ஓட்டுவது டிரைவர். அதன் அமைப்பு எளியது. ஒரு காந்தம், அதன் இடுக்கில் மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது காந்தப்புலம் சுருளை முன்னும் பின்னும் தள்ளுகிறது, சவ்வு அசைகிறது, காற்று அதிர்கிறது. மேல்நிலை வகுப்பில் நீங்கள் படித்த மின்காந்த விசையே காதருகில் வீணையாகவும் நாகசுரமாகவும் ஒலிக்கிறது.

புதிய டிரைவர் வாங்கப் புறப்படுமுன் பழையது உண்மையிலேயே கெட்டதா என்று பார்த்தல் வேண்டும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில் மொழிப் பயிற்சிக்காக வாங்கிய ஹெட்போன்களுள் பல, ஓராண்டுக்குள் ஒரு காது ஊமையாயின. விற்றவரோ, உதிரி உறுப்புகள் கிடையா, புதியனவே வாங்குங்கள் என்று கூறிவிட்டார். பதினோராம் வகுப்பு மாணவர் சிலர் அவற்றை மேசைமேல் பரப்பி, மல்டிமீட்டர் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தனர். டிரைவரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 32 ஓமை ஒட்டிய அளவு காட்டுகிறதா? அப்படியானால் சுருள் உயிரோடு இருக்கிறது, குற்றம் கம்பியில்தான். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லையா? சுருள் அறுந்துவிட்டது. அன்று பெரும்பாலானவற்றில் செருகியின் கழுத்தருகே கம்பி முறிந்திருந்தது. டிரைவர் கெட்டவை மிகச் சிலவே. நோயை அறிந்த பிறகே மருந்து என்பது கருவிக்கும் பொருந்தும்.

டிரைவர்தான் கெட்டது என்று தெளிந்தால் எங்கே வாங்குவது? சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு ஆகிய இடங்களில் மின்னணு உதிரி உறுப்புகள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. கூரியர் வழியாகவும் வரவழைக்கலாம். இவை எட்டாதவர்க்கு, எறியப்பட்ட வேறொரு ஹெட்போனே சுரங்கம். எங்கே வாங்கினும் நான்கு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும்.

முதலாவது, விட்டம். காதை முழுதும் மூடும் கருவிகளில் 40 அல்லது 50 மில்லிமீட்டர் டிரைவர்கள் வழக்கமானவை. உங்கள் கிண்ணத்தின் பள்ளத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். இரண்டாவது, மின்மறுப்பு. கைப்பேசிக்கு ஏற்றவை 16 அல்லது 32 ஓம். ஒலிப்பதிவு நிலையங்களுக்குரியவற்றில் 250, 300, 600 ஓம் வகைகளும் உண்டு. மூன்றாவது, உணர்திறன், அதாவது 1 மில்லிவாட் மின்திறனுக்கு எத்தனை டெசிபல் ஒலி என்பது. நான்காவது, ஒரே வகையில் ஒத்த இணை. ஒரு காதுக்கு மட்டும் வேறு டிரைவர் போட்டால், இரு கண்ணுக்கும் வெவ்வேறு வில்லை போட்ட கண்ணாடி போலாகும். ஆகவே ஒன்று கெட்டாலும் இரண்டையும் மாற்றுவதே நலம்.

பொருத்தும்போது சில எச்சரிக்கைகள். ஹெட்போன் கம்பியின் நுண்ணிழைகள் பல நிறங்களில் மின்னுவது அழகுக்காக அன்று. அவற்றின்மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. அதைச் சுரண்டியோ சூட்டால் நீக்கியோ ஆகவேண்டும். இல்லையேல் ஈயம் ஒட்டாது. பற்றவைக்கும் வேலை இரண்டு மூன்று நொடிக்குள் முடிதல் வேண்டும். சூடு மிகுந்தால் பிளாஸ்டிக் இளகிச் சுருள் இடம்பெயரும். டிரைவரின் காந்தம் பற்றுகோலின் இரும்பு முனையைத் தன்பால் இழுக்கும்; கை தவறினால் சவ்வில் ஓட்டை விழும். இரும்புத் தூள் உள்ள மேசையில் டிரைவரைத் திறந்து வைக்கக் கூடாது. ஒற்றைத் தலைமயிர் சவ்வின்மீது கிடந்தாலும், தாழ்ந்த சுரங்களில் வண்டு முரலுவது போன்ற ஓசை வரும். கருவி கெட்டுவிட்டது என்று அஞ்சுவோர் பலருக்கு அந்த மயிரை எடுத்துவிட்டாலே போதும்.

அடுத்து, இரு பக்கத்துக் கம்பிகளும் ஒரே முறையில் இணைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மாறியிருந்தால், ஒரு சவ்வு முன்னே செல்லும்போது மற்றது பின்னே செல்லும். இதை அறிய எளிய வழி, ஒருவர் பேசும் ஒற்றைத்தட ஒலியைக் கேட்பது. குரல் நெற்றியின் நடுவில் நிற்பது போலத் தோன்றினால் இணைப்பு சரி. குரல் எங்கே நிற்கிறது என்றே புலப்படாமல் பரவி, அடிக்குரல் மெலிந்து ஒலித்தால், ஒரு பக்கத்தின் இரு கம்பிகளையும் மாற்றுங்கள்.

இனிப் பதப்படுத்தும் கலை. மிருதங்க வித்துவான் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதைக் கண்டிருப்பீர்கள். வலந்தலையின் நடுவே கறுப்பு வட்டம் இருக்கும். அவ்வட்டம் தோலின் மேற்சுரங்களை ஒழுங்கான மடங்குகளாக அமைக்கிறது என்பதைச் சர் சி. வி. ராமன் அவர்கள் சிவகாளி குமாருடன் ஆராய்ந்து 1920-இல் வெளியிட்டார். சவ்வின் எடையும் இழுவையும் அதன் பின்னுள்ள காற்றும் சேர்ந்தே ஒலியின் தன்மையை முடிவு செய்கின்றன. ஹெட்போனிலும் அவ்வாறே. சவ்வின்மேல் நாம் கைவைப்பதில்லை. அதைச் சூழ்ந்த காற்றின்மேல் கைவைக்கிறோம்.

அதற்கு நான்கு வாயில்கள் உண்டு. முதல் வாயில் மெத்தை. மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே சிறு சந்து இருந்தாலும் தாழ்ந்த சுரங்கள் நழுவிப்போகும். மூக்குக்கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் சந்தே இதற்குப் போதும். பலர் டிரைவரைக் குறைகூறும் இடத்தில் குற்றம் மெத்தையுடையது. இரண்டாம் வாயில் டிரைவரின் பின்புறத் துளைகள். அவற்றைத் திறந்தே விட்டால் சவ்வு தடையின்றி ஆடி, தாழ்ந்த சுரம் தளர்ந்து ஊதிப்போகும். முற்றும் அடைத்தால் உள்ளே அகப்பட்ட காற்று வில்லைப்போல் விறைத்து, தாழ்ந்த சுரம் குறையும். மெல்லிய துணியோ காகிதமோ ஒட்டி, காற்று தயங்கித் தயங்கிச் செல்லுமாறு செய்வதே நடுவழி. மூன்றாம் வாயில் கிண்ணத்தின் உட்புறம். சுவரில் மோதித் திரும்பும் ஒலி, குடத்துக்குள் பேசுவது போன்ற கலக்கத்தைத் தரும். சிறிது பஞ்சு அல்லது கம்பளித் துண்டு அதை விழுங்கிவிடும். நான்காம் வாயில் டிரைவரின் முன்புறம். உச்ச சுரங்கள் ஊசிபோல் குத்தினால் ஒரு மெல்லிய தாள் அவற்றைத் தணிக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லா அதிர்வெண்களையும் சம அளவில் தரும் கருவிதானே சிறந்தது? அன்று. நம் காதுத்துளை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அத்தகைய குழாயில் ஒலியலையின் கால்பங்கு அடங்கும்போது ஒத்ததிர்வு உண்டாகும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், விடை 3400 ஹெர்ட்ஸ். புறச்செவியின் வடிவமும் சேர்ந்து, 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை நம் காது இயல்பாகவே மிகுத்துக் கேட்கிறது. மூளை அதற்குப் பழகியிருக்கிறது. எதிரே இருந்து வரும் ஒலி காதுக்குள் எப்படி மாறுமோ, அந்த மாற்றத்தோடு ஒலித்தால்தான் ஹெட்போனின் ஒலி இயற்கையாகத் தோன்றும். அப்பகுதியில் குறைவு ஏற்பட்டால் பாடகர் திரைக்குப் பின்னிருந்து பாடுவது போலிருக்கும்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் நீதிபதி உங்கள் செவி. ஆனால் அந்த நீதிபதியும் எளிதில் மயங்குபவர். 1933-இல் பிளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள், ஒலி தாழும்போது நம் காது அடிச்சுரங்களை மிகுதியாக இழக்கிறது என்பதை அளந்து காட்டினர். அதனால் சற்று உரக்க ஒலிப்பதெல்லாம் நிறைவாகத் தோன்றுகிறது. ஆகவே இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள்; அதை இரு பக்கமும் ஒன்றுபோலச் செய்யுங்கள்; நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பத்து நிமிடத்தில் காது எதற்கும் பழகிவிடும். எனவே மறுநாள் காலையில் மீண்டும் கேட்டு முடிவு செய்யுங்கள். நன்கு தெரிந்த ஒலிகளையே உரைகல்லாகக் கொள்ளுங்கள். தம்புராவின் ரீங்காரம் மேற்சுரங்களைக் காட்டும். தொப்பியின் கும்காரம் அடிச்சுரத்தைக் காட்டும். உங்கள் தாயாரின் குரலைப் பதிவு செய்து கேட்டால், நடுப்பகுதி சரியா என்பது நொடியில் விளங்கும்.

இறுதியாக, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. நாமே செய்த கருவி எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதை எந்த அட்டைப்பெட்டியும் சொல்லாது; நாமே கணக்கிட வேண்டும். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் டிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் மின்திறன் ஏறத்தாழ 31 மில்லிவாட். பத்து மடங்குக்குப் பத்து டெசிபல் என்ற கணக்கின்படி ஒலி 115 டெசிபல் ஆகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு அதே நேரத்திற்கு 75 டெசிபல் என்றும் வரையறை கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் கேட்கத் தக்க நேரம் பாதியாகும். 83 டெசிபலுக்கு 20 மணி. 86-க்கு 10 மணி. இப்படியே இறங்கி வந்தால் 115 டெசிபலுக்குப் பெரியவர்களுக்கே எஞ்சுவது வாரம் முழுவதற்கும் சேர்த்து முக்கால் நிமிடம்தான். ஒரு பாட்டின் பல்லவி முடியுமுன் ஒரு வாரத்துப் பங்கு தீர்ந்துவிடும்!

டிரைவர் அறுந்தால் கடைத்தெருவில் இணை கிடைக்கும். உட்செவியின் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. அவற்றுக்கு உதிரி விற்கும் தெரு எந்த ஊரிலும் இல்லை. எனவே புதிதாகச் செய்த கருவியை முதன்முதலில் ஒலிக்கச் செய்யும்போது காதில் அணியாதீர்கள். கையில் பிடித்து, ஒலியளவை அடியிலிருந்து மெல்ல ஏற்றிப் பார்த்த பின்னரே அணியுங்கள். ஒலியைக் கூட்டத் தோன்றும் போதெல்லாம், முதலில் மெத்தையின் சந்தைப் பாருங்கள். நன்கு பதப்படுத்திய கருவி, தாழ்ந்த ஒலியிலேயே எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்பிக்கும். நீங்கள் பட்ட உழைப்பின் பயனும் அதுவே.

விடுமுறை நாளொன்றில் வீட்டில் கிடக்கும் பழுதான ஹெட்போனைத் திறந்து பாருங்கள். மல்டிமீட்டர் என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள்.