கோர்வைத் தறியில் இருவர்

தறியை நிறுத்திவிட்டு இந்தக் கைத்தறி நாள் கூட்டத்துக்கு வந்திருக்கும் காஞ்சிப் பிள்ளையார்பாளையத்து அண்ணன்மார்களே, அக்காமார்களே!

குழித்தறியில் உட்கார்ந்துதான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். "இந்தக் குழியில நீ இறங்கக் கூடாது" என்றார். நான் இறங்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. அதை மறக்க மாட்டேன்.

ஆனால் அங்கே 'பெல் கர்வ்' என்று ஒரு கணக்கு உண்டு. எல்லோரும் நன்றாக உழைத்திருந்தாலும் யாராவது ஒருவரைக் கடைசியில் தள்ளியே ஆகவேண்டும். ஒரு வருஷம் பக்கத்து நாற்காலிக்காரரைத் தள்ளினார்கள். நான் தப்பினேன் என்று எனக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலையை விட்டதற்குக் காரணம் அதுதான்.

நம் கோர்வைத் தறியின் கணக்கு வேறு. சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடவேண்டும். தனி ஆளால் ஆகாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளவேண்டும். அவர் கை பிசகினால் நெய்கிறவர் சேலை கெடும். அதனால் தொழிலை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்தோம். அந்தக் கொடுமையை மறைத்துத் தறியைப் புகழ எனக்கு மனம் வராது.

இன்னொரு பக்கம் ஐடி வேலையும் நிலையாக இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் என்ற ஐடி கம்பெனி ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த மாதிரிச் செய்தி வந்தால் நம் தெருப் பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடக்கிறது. தம்பி, தங்கைகளே, ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனி ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லோரும் தறிக்கு வாருங்கள் என்றும் நான் அழைக்கவில்லை. கூலி கட்டுபடியாகாத தொழிலுக்கு எந்த முகத்தோடு அழைப்பது? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களைக் காக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டும் இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விலைபோகிறது. நெசவாளி கூலியைத் தின்பது அதுதான்.

கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களே, ஊருக்குத் திரும்பி வரும் பிள்ளையிடம் "ஏன் வந்தாய்?" என்று கேட்காதீர்கள். தறி கேட்பவருக்கு உறுப்பினர் அட்டையும் பாவும் ஜரிகையும் கொடுங்கள். கணக்கும் விற்பனையும் தெரிந்தவரிடம் சங்கத்தின் விற்பனையை ஒப்படையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.