மறுமொழி வரும் வரையில்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவ்விழாவில் யாம் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினோம். பத்தாம் வகுப்புக்கு மேல் பயிலாத இரயில்வே எழுத்தர் ஒருவர்க்குப் புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் அவையில் என்ன வேலை? இலக்கியம் பேச எமக்குத் தகுதியில்லை. ஆனால் கடிதங்களைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு. வரும் கடிதங்களுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவதே எம் தொழில். ஆகவே, இன்னும் வாராத ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம்.

நாம் வாழும் இக்காட்டாக்கடைப் பக்கம் எல்லைப்புறம் என்பது யாவரும் அறிந்ததே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. களியக்காவிளை அப்பக்கம், பாறசாலை இப்பக்கம். அதற்கு முன் நிகழ்ந்த போராட்டங்கள் வேறொரு நாளைக்குரிய பேச்சு. ஈண்டு எமக்கு வேண்டுவது ஒன்றே. அன்றிரவு உறங்கியவர் காலையில் வேறு மாநிலத்தில் கண் விழித்தார். எனினும் அவர் எந்த அதிகாரிக்கும் மனு எழுதித் தம்மை இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இருபுறமும் இந்தியாவே.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் எம் பாட்டனார் ஒரு மனுவுக்கு மறுமொழியை எதிர்நோக்கிக் காத்திருந்தார்.

அவர் இலங்கை மலையகத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். 1948-இல் அந்நாடு இயற்றிய 18-ஆம் எண் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ அந்நாட்டிற் பிறந்தவர் என்று மெய்ப்பித்தால்தான் வம்சாவளியால் பிரஜை என்றது. லயத்திற் பிறந்தவரின் தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும்? அடுத்த ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. 1946 சனவரி முதல் நாளுக்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் அல்லாதவராயின் பத்தாண்டும் இடைவிடாது குடியிருந்தோர் பதிவு கோரலாம் என்றது. இடையில் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அக்குடியிருப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். மனுச் செய்ய இறுதி நாள் 1951 ஆகஸ்டு 5. இலங்கை இந்தியன் காங்கிரசு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் மனுச் செய்யுமாறு தூண்டியதால், கடைசி மாதங்களில் மனுக்கள் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 மனுக்கள்; அவற்றில் 8,25,000 பேர். அவர்களுள் பதிவு பெற்றோர் முடிவில் ஏறத்தாழ 1,34,000 பேரே.

எம் பாட்டனார் சத்தியக் கடதாசி முடித்து, கணக்கப்பிள்ளையிடம் செக்ரோல் நகலுக்குப் பலமுறை நடந்து, சூலை மாதத்தில் மனுவை அனுப்பினார். விசாரணை அதிகாரியைக் கண்ணாற் காண ஏழாண்டு சென்றது. அவ்வேழாண்டில் அவர் செய்யாதவற்றை எம் தந்தையார் வரிசையாகச் சொல்வார். லயத்துக் காம்பிராவின் பின்புறத்தில் பலா நடவில்லை. காய்க்கும்போது நாம் இங்கிருப்போமோ என்பார். மாடு வாங்கவில்லை. மூத்த மகளாகிய எம் அத்தைக்கு வந்த சம்பந்தத்தைத் தள்ளிவைத்தார். தபால் கொண்டுவரும் ஆள் தோட்டத்து ஆபீசுக்கு ஏறும் நேரம் அவருக்கு மனப்பாடம். "இல்லையென்று சொன்னாலும் போதும்; ஊருக்குப் போகும் வழியைப் பார்ப்பேன்" என்பாராம். இல்லை என்ற சொல்லும் வரவில்லை.

அதிகாரி வந்தபோது அரை நாழிகையில் விசாரணை முடிந்தது. 1940-இல் தம் தாயாரின் இறுதிக்கடனுக்கு ஊர் சென்ற பாட்டனார், காய்ச்சலில் விழுந்து பதின்மூன்றாம் மாதத்தில் திரும்பியிருந்தார். பின்னும் ஓராண்டு கழித்து மறுப்பு வந்தது. ஒரு திங்கள் மிகுதி, எட்டாண்டுக் காத்திருப்பு.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று விட்டு, 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்தனர். நால்வர்க்கு அங்கே பிரஜாவுரிமை கொடுத்தால் எழுவர் இங்கே வரவேண்டும் என்பது விகிதம். சரக்கு அலுவலகத்திற் பார்சல் எண்ணியவர் யாம். எனினும் இக்கணக்கைப் படிக்கும்போதெல்லாம் மனம் கூசுகின்றது. ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் நிறையுமுன், அவ்வாண்டு திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் வண்டியும் கடலிற் போயிற்று. எம் துறையைச் சேர்ந்த துயரம் ஆதலின் சொல்லாமற் கடக்க இயலவில்லை. அதன்பின் தலைமன்னார்க் கப்பல் இராமேசுவரத்திற்கு வந்தது.

மீண்டும் மனு, இம்முறை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு. மீண்டும் ஒன்பதாண்டு. இதற்குள் அத்தையின் திருமணம் நடந்தேறிற்று. அவரை மணந்த குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமை கோரியிருந்தது. எம் தந்தையார் குடும்பத்தின் பாஸ்போர்ட்டு 1978-இல் வந்தது. மலையகத்தில் இரயிலைக் கோச்சி என்பர். தாயகம் திரும்புவோர் ஏறிய வண்டியை அழுகைக் கோச்சி என்றே அழைத்தார்கள் என்று தந்தையார் கூறுவார். அத்தை மேடையில் நின்றார். ஏனையோர் கப்பலேறி வந்து, இத்தகையோர்க்காக 1976-இல் கேரளத்தில் ஏற்பட்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் குளத்துப்புழை இரப்பர்க் காட்டில் வேலையில் அமர்ந்தார்கள். யாம் பிறந்தது அங்கேதான். பாட்டனாரைப் பற்றி எமக்கு நினைவிருப்பது ஒன்றே: சைக்கிள் மணி கேட்டால், ஒரு கடிதமும் வரவேண்டியதில்லாத அந்த முதியவர் கட்டிலைவிட்டு எழுந்து நிற்பார்.

1983 கலவரத்திற்குப் பின் கப்பல் நின்றது. அத்தை 1990-இல் தோணியில் மண்டபம் வந்து இறங்கினார், அகதியாக. அன்று தொட்டுத் தமிழகத்து முகாம் ஒன்றில் இருக்கின்றார். உடன்பிறந்தவர் இந்தியப் பிரஜை. இவர் பெயரோ அகதிப் பதிவேட்டில். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003-இல் சட்டம் குடியுரிமை அளித்தது. அப்போது இவர் அங்கில்லை. இங்கே 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் குறித்தது.

அதே 2019 சூன் 17 அன்று, இவரைப் போன்ற 65 பேர் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை, அவர்கள் மாவட்ட ஆட்சியர் வழியே மனுச் செய்யலாம் என்றும், நடுவண் அரசு பதினாறு வாரத்தில் முடிவு கூறவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அத்தை அந்த 65 பேரில் ஒருவர் அல்லர். எனினும் செய்தி கேட்டு அவரும் ஒரு மனு எழுதுவித்தார். எழுதியவர் யாம். ஒப்புகைச் சீட்டு எம் பெட்டியில் இருக்கின்றது. 2022-இல், மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணொருவர்க்குப் பாஸ்போர்ட்டு வழங்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 1987 சூலைக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை என்பது சட்டம். அத்தையின் பேத்தி முகாமிற் பிறந்தது 1996-இல். அச்செய்தியைப் படித்த அப்பெண் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்பர்களே, அதிகாரிகளைப் பழிக்க இம்மேடையை யாம் பயன்படுத்தவில்லை. பழித்தால் முதலிற் பழிபட வேண்டியவர் யாமே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையாரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு ஒரு கையொப்பம் குறைந்து எம் மேசையில் நாற்பது நாள் கிடந்தது. மறதிதான், வேறு காரணமில்லை. அவர் நேரில் வந்து, "காரியம் முடியாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, தாள் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். கட்டிலைவிட்டு எழுந்து நின்ற பாட்டனாரின் உருவம் எம் கண்முன் வந்தது. அன்று முதல், கோப்பு எம்மிடம் ஒரு வாரம் தங்கினால் உரியவர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதுகின்றோம். விதியில் அப்படியொன்றும் இல்லை. மேலாளர் ஒருமுறை சிரித்தார், தடுக்கவில்லை.

இனி எம் வேண்டுகோள். முகாமை எப்போது மாற்றுவார்களோ என்று அஞ்சிய அத்தை, மறுமொழிக்கு எம் முகவரியையே கொடுத்தார். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று தொலைபேசியில், "கடுதாசி வந்ததா, தம்பி?" என்று கேட்பார். நீங்கள் அறிந்தவாறு, சென்ற திங்கள் யாம் இக்காலனியிலேயே வேறு வீட்டிற்குக் குடிமாறினோம். தபாற்காரரிடம் சொல்லிவைத்துள்ளோம், எனினும் ஆள் மாறலாம். பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் நண்பர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அரசு முத்திரையிட்ட உறை ஏதேனும் எம் பெயருக்கு அங்கே வந்தால், இரவாயினும் பகலாயினும் வந்து கதவைத் தட்டுமாறு அவரையும் அண்டை வீட்டாரையும் கேட்டுக்கொள்கின்றோம்.